செய்தி வீடு வரை வந்ததா? – ஒன்பதாம் வகுப்பில் ஒரு ஆய்வுக் கருத்தரங்கு

பள்ளியில் கருத்தரங்கு என்றால் நமக்குப் பழகிய காட்சி ஒன்று உண்டு. மேடையில் ஐந்து நாற்காலிகள், வரவேற்புரை, சிறப்பு விருந்தினர் உரை, மனப்பாடம் செய்த இரண்டு மாணவர் பேச்சு, நன்றியுரை, நாட்டுப்பண். நிகழ்ச்சி நன்றாகவே நடக்கும். ஆனால் அங்கே யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை. பல்கலைக்கழகங்களில் நடக்கும் ஆய்வுக் கருத்தரங்கு வேறு வகை. அங்கே பேச வருபவர் முதலில் ஒரு கேள்வியோடு வர வேண்டும். அதற்கு விடை தேடிய வழியைச் சொல்ல வேண்டும். பேசி முடித்ததும் அவையிலிருந்து வரும் வினாக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். பேச்சுப் போட்டிக்கும் இதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை நம் மாணவர்கள் கல்லூரிக்குப் போன பிறகுதான் அறிய வேண்டும் என்றில்லை.

வரும் நவம்பர் கடைசி வாரத்தில் எங்கள் பள்ளி ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் அப்படி ஒரு கருத்தரங்கை நடத்த இருக்கிறார்கள். பொருள், தகவல் தொடர்பு. குலசேகரம் போன்ற மலையடிவார ஊரில் ஒரு தமிழாசிரியர் எதற்கு இந்தப் பொருளை எடுத்தார் என்று தோன்றலாம். கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்ற நான்கு திறன்களையும் ஒரே பணியில் சேர்த்துப் பழக்க இதைவிடப் பொருத்தமான பொருள் எனக்குக் கிடைக்கவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பெரியவர்கள் எப்படி நடத்துகிறார்கள்

ஊடகம், தகவல் தொடர்பு ஆய்வுக்கென உலகளாவிய ஒரு கழகம் 1957-இல் தொடங்கப்பட்டது. ஐ.ஏ.எம்.சி.ஆர். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதன் மாநாடு ஆண்டுதோறும் ஒவ்வொரு நாட்டில் நடக்கும். 2014 ஜூலையில் அது ஐதராபாத்துக்கு வந்தது. மாநாட்டுக்குப் பல மாதங்கள் முன்பே கட்டுரை அழைப்பு வெளியாகும். ஆய்வாளர்கள் சில நூறு சொற்களில் ஆய்வுச் சுருக்கம் அனுப்புவார்கள். அதை வேறு ஆய்வாளர்கள் படித்து, ஏற்கலாமா கூடாதா என்று முடிவு செய்வார்கள். ஏற்கப்பட்ட கட்டுரைகளை ஒத்த பொருள் பார்த்து அமர்வுகளாகத் தொகுப்பார்கள். சமுதாயத் தொடர்புக்கு ஒரு பிரிவு, மக்கள் பங்கேற்புக்கு ஒரு பிரிவு, ஊரகத் தொடர்புக்கு ஒரு குழு என்று பிரிவுகள் உண்டு. ஒரே நேரத்தில் பல அறைகளில் இணை அமர்வுகள் நடக்கும். எல்லோரும் கூடும் பொது அமர்வு தனி.

இந்த நடைமுறையை வகுப்பில் விளக்கியபோது மாணவர்களை ஈர்த்தது ஒன்றே ஒன்றுதான்: பெரிய பேராசிரியர் அனுப்பினாலும் சுருக்கம் சரியில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். அந்த நொடியிலேயே ஆர்வம் வந்துவிட்டது. யார் யாருடையதைத் திருப்பி அனுப்பலாம் என்று அப்போதே கண்களால் தேடத் தொடங்கினார்கள்.

ஐந்து வாக்கியச் சுருக்கம்

முழுத் திட்டத்திலும் கடினமான வேலை இதுதான். மூன்று பாடவேளைகள் இதற்கே போய்விட்டன; போகட்டும். மாணவர்கள் முதலில் எழுதித் தந்தவை எல்லாம் ஒரே மாதிரி இருந்தன: தகவல் தொடர்பு மனித வாழ்வில் இன்றியமையாதது, பண்டைக் காலத்தில் புறாவைப் பயன்படுத்தினார்கள், இன்று கைப்பேசி வந்துவிட்டது, நன்மையும் உண்டு தீமையும் உண்டு. கட்டுரைப் பயிற்சியில் நாம் பழக்கிய அச்சு அப்படி.

அந்த அச்சை உடைக்க ஐந்து வாக்கியங்கள் மட்டும் என்று வரம்பு வைத்தேன். என் கேள்வி என்ன? அதை ஏன் கேட்கிறேன்? யாரிடம் கேட்பேன்? எப்படிப் பதிவு செய்வேன்? என்ன விடை கிடைக்கும் என்று இப்போது நினைக்கிறேன்? ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம். ஐந்தாவது வாக்கியத்தைத் தாளில் எழுதி, ஒட்டி, என்னிடம் தந்துவிட வேண்டும். ஆய்வு முடிந்த பிறகு மாணவரே பிரித்து, தான் நினைத்ததும் கிடைத்ததும் ஒன்றா என்று அவையில் வாசிப்பார். விடை மாறியிருந்தால் மதிப்பெண் குறையாது என்று முன்பே சொல்லியிருக்கிறேன்.

அதன் பிறகு வந்த கேள்விகள் வேறு தரத்தில் இருந்தன. எங்கள் தெருவில் குடிநீர் வராது என்பதை யார் முதலில் தெரிந்துகொள்கிறார்கள்? அணை திறக்கும் செய்தி ஆற்றில் துணி துவைப்பவர்களுக்கு எப்படிப் போகிறது? ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்தது அறிவிப்பு இல்லாமலே ஊர் முழுக்க எப்படித் தெரிகிறது? இந்த மூன்றாவது கேள்வியை ஒரு பல்கலைக்கழக மாநாட்டுக்கே அனுப்பலாம் என்று எனக்குத் தோன்றியது.

சுருக்கங்களை மதிப்பிட்டது பத்தாம் வகுப்பு மாணவர் குழு. பெயரை மறைத்து எண் மட்டும் இட்டுக் கொடுத்தோம். திருப்பி அனுப்பும்போது காரணத்தை ஒரு வரியில் எழுத வேண்டும் என்பது நிபந்தனை. ‘நல்லா இல்ல’ என்பது காரணமாக ஏற்கப்படாது.

முதல் அமர்வு: கோட்பாடு

இதைச் சுருக்கமாகவே வைத்திருக்கிறோம். 1948-இல் இரண்டு அமெரிக்கர்கள் தனித்தனியே எழுதிய இரண்டு கருத்துகள் போதும். லாஸ்வெல் என்ற அரசியல் அறிஞர், தொடர்பை ஆராய ஐந்து வினாக்களைத் தந்தார்: யார் சொல்கிறார், எதைச் சொல்கிறார், எந்த வழியில், யாருக்கு, என்ன விளைவோடு. தொலைபேசி ஆய்வகத்தில் பணியாற்றிய ஷானன் என்ற கணித அறிஞர், அனுப்பும் இடத்துக்கும் பெறும் இடத்துக்கும் நடுவே ‘இரைச்சல்’ புகுந்து செய்தியைக் கெடுப்பதைக் கணக்காக்கினார். பின்னர் ஷ்ராம் என்பவர், சொல்பவருக்கும் கேட்பவருக்கும் பொதுவான அனுபவம் இருக்கும் அளவுக்குத்தான் செய்தி புரியும் என்றார். தகர ஓட்டின் மேல் ஐப்பசி மழை கொட்டும்போது பாடம் நடத்திய எவருக்கும் இரைச்சலை விளக்க வேறு எடுத்துக்காட்டு தேவையில்லை.

கேட்பவரை வகைப்படுத்துவது மேல்நாட்டார் கண்டுபிடிப்பு மட்டும் அல்ல என்பதையும் இந்த அமர்வில் ஒரு மாணவி பேசுகிறார். நன்னூல் மாணாக்கரை அன்னத்துக்கும் பசுவுக்கும் மட்டுமா ஒப்பிட்டது? ஓட்டைக் குடத்துக்கும்தானே.

இரண்டாம் அமர்வு: ஒக்கி

கருத்தரங்கை நவம்பர் கடைசியில் வைத்ததற்கு அரையாண்டுத் தேர்வு ஒரு காரணம். முதன்மைக் காரணம் 2017 நவம்பர் 30. அன்று ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியது. இப்போது ஒன்பதில் இருப்பவர்களுக்கு அதைப் பற்றிய சொந்த நினைவு மிகக் குறைவு. ஆனால் எந்த வீட்டிலும் அந்த நாளைப் பற்றிச் சொல்ல ஆள் இருக்கிறது. எங்கள் பகுதியில் ரப்பரும் வாழையும் கிராம்பும் விழுந்தன, மின்கம்பங்கள் சாய்ந்தன, பல நாட்கள் மின்சாரம் இல்லை. கடற்கரை ஊர்களில் போனவை உயிர்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கும் மேற்பட்ட மீனவர்கள் திரும்பவில்லை.

இந்த அமர்வுக்கு மாணவர்கள் செய்யும் முதல் வேலை ஒரு காலக்கோடு வரைவது. 29-ஆம் தேதி முற்பகல் இலங்கையின் தென்கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 30 அதிகாலையில் குமரிக் கடலில் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். அன்று முற்பகலே புயல். ஒரே நாளில் இவ்வளவும். வானிலைத் துறையின் கணக்கில் மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை காற்று வீசினால் தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62-ஐத் தொட்டால் புயல். கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற எச்சரிக்கை 29-ஆம் தேதி வந்தது. அதற்கு முன்பே புறப்பட்டுவிட்டவர்கள்?

இந்த வினாவில்தான் பாடம் இருக்கிறது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பகுதிகளின் விசைப்படகுகள் ஆழ்கடலில் பல நாட்கள் தங்கி மீன் பிடிப்பவை. கரையை விட்டுச் சிறிது தூரம் போனதும் கைப்பேசி ஓய்ந்துவிடும். படகுகளுக்கு இடையே பேசும் கம்பியில்லாக் கருவியின் எல்லையும் அவ்வளவு தூரத்துக்கு எட்டாது. லாஸ்வெல்லின் ஐந்து வினாக்களை இங்கே வைத்துப் பாருங்கள். யார், எதை என்ற இரண்டுக்கும் விடை உண்டு. எந்த வழியில் என்று கேட்டதும் அட்டவணையில் வெற்றுக்கட்டம் விழுகிறது. அந்த வெற்றுக்கட்டத்தை மாணவர்கள் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும். நாம் சொல்லிவிடக் கூடாது.

அடுத்து 2019. அந்த அக்டோபரில் ‘ஜெமினி’ என்ற கருவி அறிமுகமானது. செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையைப் படகில் உள்ள சிறு பெட்டி வாங்கி, மீனவரின் கைப்பேசிக்குத் தரும். வெற்றுக்கட்டத்தை நிரப்ப எடுத்த முயற்சி அது. ஆனால் அந்தக் கருவி கேட்கும், பேசாது. படகிலிருந்து ‘நாங்கள் இங்கே இருக்கிறோம்’ என்று அதன் வழியே கரைக்குச் சொல்ல முடியாது. ஒருவழித் தொடர்பு, இருவழித் தொடர்பு என்று பாடநூல் பிரிப்பதன் பொருளை இதைவிடத் தெளிவாக எங்கே காட்ட முடியும்?

துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு பற்றியும் ஒரு கட்டுரை உண்டு. 1 முதல் 10 வரை அபாயத்தின் அளவைச் சொல்லும் என்பது பலரும் அறிந்தது. 11-ஆம் எண்ணின் பொருளைக் கேட்டால் பெரும்பாலும் ‘மிகப் பெரிய புயல்’ என்பார்கள். உண்மையில், வானிலை எச்சரிக்கை மையத்தோடு எல்லாத் தொடர்பும் அறுந்துவிட்டது என்பதே அதன் பொருள். செய்தி வரவில்லை என்பதையே செய்தியாக்கிக் கொடிமரத்தில் ஏற்றியிருக்கிறார்கள். இதை எழுதும் மாணவன் தன் கட்டுரைக்கு வைத்திருக்கும் தலைப்பு ‘பதினொன்று’. மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த அமர்வைத் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு சொல். இழப்பு நேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் அவையில் இருக்கலாம். உறவினரைப் பேட்டி எடுக்கும்போது ‘எப்படி இறந்தார்’ என்ற கேள்வி வேண்டாம். ‘உங்களுக்குச் செய்தி எப்போது, யார் மூலம் வந்தது’ என்பதோடு நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். விருப்பமில்லாதவரிடம் கேட்பதே இல்லை. ஆய்வு நெறி என்று பெரிய மாநாடுகளில் இதைத்தான் சொல்கிறார்கள்.

மூன்றாம் அமர்வு: சொல் ஒன்று, பொருள் இரண்டு

கருத்தரங்கின் கலகலப்பான அமர்வு இதுவாக இருக்கும். எங்கள் பகுதியில் ‘வெள்ளம்’ என்றால் தண்ணீர். குடிக்கக் கேட்பதும் வெள்ளம், கிணற்றில் இறைப்பதும் வெள்ளம். தொலைக்காட்சியிலும் அரசு அறிவிப்பிலும் வெள்ளம் என்றால் பெருக்கு. ‘வெள்ள அபாய எச்சரிக்கை’ என்ற தொடரை நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, “சாரே, வெள்ளம் வருதுண்ணு சொன்னா எங்க பாட்டி குடத்த எடுத்துட்டுல்லா வெளிய வருவா” என்றாள். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பிலிருந்து பிறந்ததுதான் இந்த அமர்வு.

பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர்மட்டம் உயரும் நாட்களில் இது வெறும் வேடிக்கை அல்ல. அணை திறக்கும் அறிவிப்பைக் குழந்தைக்கும் முதியவருக்கும் புரியும்படி எழுதினால் எப்படி இருக்கும்? மாணவர்கள் ஒரு மாதிரி அறிவிப்பை மூன்று விதமாக எழுதுகிறார்கள்: அலுவலக நடையில், செய்தி நடையில், எங்கள் ஊர்ப் பேச்சில். மூன்றையும் தங்கள் வீட்டில் உள்ள மூத்தவரிடம் படித்துக்காட்டி, ‘இதைக் கேட்டதும் என்ன செய்வீர்கள்’ என்று கேட்டு, பதிலைச் சொன்னபடியே குறித்து வர வேண்டும். ‘புரிந்ததா’ என்று கேட்கக் கூடாது. நம்மவர்கள் மரியாதைக்குப் ‘புரிந்தது’ என்றுதான் சொல்வார்கள்.

இதோடு மொழி வரலாறும் தானாக வந்து சேர்கிறது. 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரின் தொடர்ச்சியாகத் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தது. மலையாளத்தில் எழுதிய நிலப் பத்திரம் இன்றும் சில வீட்டுப் பெட்டிகளில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர் அந்த வீட்டில் இல்லாமல் போய்விட்டார். மலைமேல் காணி மக்களின் குடியிருப்புகளில் பேச்சு மொழியே வேறு. அங்கிருந்து வரும் மாணவர் இருவர், தங்கள் வீட்டில் மழை, காற்று, ஆறு பற்றி வழங்கும் சொற்களைப் பட்டியலிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் வாயே திறக்காதவர்கள். அவர்கள் பேசும்போது மற்றவர்கள் குறிப்பெடுக்க வேண்டியிருக்கும்.

நான்காம் அமர்வு: பறையிலிருந்து ஒலிபெருக்கி வரை

ஊருக்கு அறிவிக்கத் தண்டோரா போடும் வழக்கத்தைத் தகவல் தொடர்பு வரலாறு என்று கட்டுரைகள் பெருமையாகவே எழுதும். பறையை யார் சுமந்தார், அவர் எங்கே நின்று அறிவிக்க வேண்டியிருந்தது என்ற கேள்வியை அவை விட்டுவிடும். 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, தண்டோராவைத் தவிர்த்து வாகனங்களில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்கலாம் என்று மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். ஊடகம் என்பது கருவி மட்டும் அல்ல, அதைச் சுமக்கும் மனிதரும் அதில் அடங்குவார் என்று ஒன்பதாம் வகுப்புக்குப் புரியவைக்க இந்த ஒரு கடிதம் போதும். இசைக்கருவியாகப் பறைக்குள்ள மதிப்பும், இழிவாகச் சுமத்தப்பட்ட வேலையும் வேறு வேறு என்பதைப் பேச்சாளர் தெளிவாகப் பிரித்துச் சொல்லும்படி இருமுறை ஒத்திகை பார்த்தோம். அவசரமாகப் பேசினால் இந்த இடத்தில் யாராவது புண்படுவார்கள்.

இதே அமர்வில் நாகர்கோவில் வானொலியும் வருகிறது. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984-இல் நாகர்கோவிலில்தான் தொடங்கப்பட்டது என்று சொன்னபோது மாணவர்கள் நம்பவில்லை. சென்னையோ டெல்லியோதான் முதலாக இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். சென்னைக்கும் ஒரு முதன்மை உண்டு: 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் தொடங்கிய சமுதாய வானொலி. இரண்டையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை.

சுவர் அமர்வு: நம் பள்ளி அறிவிப்பு

மேடை கூச்சம் உள்ளவர்களுக்குப் பெரிய மாநாடுகளிலும் ஒரு வழி உண்டு. ஆய்வை ஒரு தாளில் வரைந்து சுவரில் ஒட்டிப் பக்கத்தில் நிற்பார்கள்; வருபவர் கேட்டால் விளக்குவார்கள். எங்கள் நடைக்கூடச் சுவரை இதற்கு ஒதுக்கியிருக்கிறோம். தொடக்கத்தில் பின்னால் சொல்வதாகக் கூறிய காரணம் இந்தச் சுவரில்தான் இருக்கிறது.

பள்ளியிலிருந்து போகும் ஒரு அறிவிப்பு வீட்டுக்குள் எந்த வழியாக நுழைகிறது என்று ஒவ்வொரு மாணவரும் அம்புக்குறிப் படம் வரைகிறார். வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நாம் எண்ணுகிறோம். எங்கள் ஊரில் பால் வெட்டப் போகிறவர்கள் நெற்றி விளக்கோடு விடிவதற்கு முன்பே தோட்டத்தில் இருப்பார்கள். குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். இரவு ஒன்பது மணிக்கு வரும் செய்தி உறங்கும் வீட்டில் வந்து விழுகிறது. காலையில் அப்பா கைப்பேசியோடு போய்விடுகிறார். அம்மா வீட்டில் இருக்கிறார், அறிவிப்பு தோட்டத்தில் இருக்கிறது.

எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்ச்சி பெற்று உதவித்தொகைக்குத் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். நான்கு ஆண்டில் 48,000. வருமானச் சான்று வாங்க வேண்டும் என்ற ஒரு வரி உரிய நாளில் அம்மாவின் காதில் விழாவிட்டால், அந்தக் குழந்தையின் அறிவுக்கும் அந்தத் தொகைக்கும் தொடர்பே இல்லாமல் போகிறது. படங்கள் சுவருக்கு வந்ததும் ஆசிரியர் கூட்டத்தை அந்தச் சுவரின் முன்னால் நின்றே நடத்துவது என்று தலைமையாசிரியர் சம்மதித்திருக்கிறார்.

அவை நடத்தை

ஒவ்வொரு பேச்சுக்கும் ஏழு நிமிடம், வினாவுக்கு ஐந்து நிமிடம். அமர்வுத் தலைவர் மாணவரே. ஆறாவது நிமிடம் மஞ்சள் அட்டை, ஏழாவது நிமிடம் சிவப்பு. கால்பந்து ஆடும் ஊர் என்பதால் விளக்கமே தேவைப்படவில்லை. வினா எழுப்புபவர், பேச்சாளர் சொன்ன ஒரு கருத்தைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும். கேட்டல் திறனை மதிப்பிட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. பேசியவருக்கு எவ்வளவு மதிப்பெண்ணோ, நல்ல வினா கேட்டவருக்கும் அவ்வளவு. வளரறி மதிப்பீட்டில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு முழு நாள் கிடைக்காத பள்ளிகள் வாரம் ஒரு அமர்வாக நான்கு வாரத்தில் நடத்தலாம். செலவு, அட்டையும் பசையும் தேநீரும்தான். மழை விடுமுறை விட்டால் மாற்று நாள் ஒன்றை இப்போதே குறித்து வைத்துக்கொள்வது நல்லது. நவம்பரில் எங்கள் மாவட்டத்தில் வானத்தை நம்பி எதையும் அறிவிக்க முடியாது.

அழைப்பிதழ் எழுதும் பொறுப்பு சுவர் அமர்வுக் குழுவிடம் இருக்கிறது. அச்சடிக்க வேண்டாம், ஒவ்வொருவரும் தன் வீட்டில் யார் படிப்பாரோ அவருக்குக் கையால் எழுதலாம் என்று முடிவெடுத்தார்கள். நேரத்தைக் காலை பத்து மணி என்று நான் எழுதி வைத்திருந்தேன். குழு அதை அடித்துவிட்டு மதியம் இரண்டு மணி என்று திருத்தியிருக்கிறது. பாலெடுத்து, ஷீட் அடித்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டு வர அவ்வளவு நேரம் வேண்டுமாம்.